பழைய பேஸ் கிட்டாரும் ஆம்பும்: சத்தத்தை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

வாரத்துக்கு ஒருவராவது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவை அனுப்பி, "அண்ணே, இந்த பேஸை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். போட்டோவில் எல்லா பேஸும் நன்றாகத்தான் இருக்கும். பழைய பேஸும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) தங்கள் கோளாறைச் சத்தமாகத்தான் சொல்லும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பழகிவிட்டால், மற்றவர்கள் "போயிருச்சு" என்று ஒதுக்கிய கருவியைப் பாதி விலைக்கு வாங்கி அன்று மாலையே வாசிக்கலாம். எதைத் தொடவே கூடாது என்பதும் அதே சத்தத்தில் தெரிந்துவிடும்.

நான் சர்ச்சிலும் மெல்லிசைக் குழுவிலும் பல வருடங்களாக பேஸ் வாசிக்கிறேன். என் கையில் இருக்கும் மூன்று பேஸும் இன்னொருவர் வாசித்துவிட்டு விற்றவை. ஒரு பேஸைப் பார்க்கப் போகும்போது என் மனதில் ஓடும் கணக்கு இதுதான்: இந்தக் கோளாறு சில்லறைச் செலவில் தீருமா, விலையில் கழித்துக்கொள்ள வேண்டியதா, கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டியதா? கீழே ஒவ்வொரு அறிகுறியையும் இந்தக் கணக்கில்தான் சொல்லியிருக்கிறேன்.

பையில் எடுத்துப் போக வேண்டியவை: உங்களுடைய சொந்தக் கேபிள் (நன்றாக வேலை செய்கிறது என்று முந்தின நாள் சோதித்தது), புது 9 வோல்ட் பேட்டரி, கிளிப் ட்யூனர், தையற்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், ஆலன் கீ செட், ஒரு விசிட்டிங் கார்டு. போனதும் முதல் வேலையாக ஆம்பை ஆன் செய்துவிடுங்கள். அதன் சில கோளாறுகள் சூடானால்தான் வெளியே வரும். அது சூடாகிற நேரத்தில் பேஸைப் பார்க்கலாம்.

செருகினேன், சத்தமே வரவில்லை

பயந்துவிட வேண்டாம், பெரும்பாலும் மலிவான கோளாறுதான். முதலில் உங்கள் கேபிளை மாட்டுங்கள். அடுத்து, பேஸ் ஆக்டிவா (பேட்டரியில் ஓடுவது) பாஸிவா (பேட்டரி இல்லாதது) என்று பாருங்கள். பின்பக்கம் சின்னப் பெட்டி மாதிரி மூடி இருந்தால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். சில பேஸில் கன்ட்ரோல் மூடிக்குள்ளேயே இருக்கும். ஆக்டிவ் பேஸில் கேபிளைச் செருகினாலே சர்க்யூட் ஆன் ஆகிவிடும். வாசித்துவிட்டுக் கேபிளைப் பிடுங்காமல் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் பேட்டரி தீர்ந்துபோகும். இது தெரியாமல் வருடக்கணக்கில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு தம்பி, "போர்டு போயிருச்சுண்ணே, வந்த விலைக்குத் தள்ளிடலாம்னு இருக்கேன்" என்று ஒரு பேஸைக் கொண்டுவந்தான். மூடியைத் திறந்தால் பேட்டரி வீங்கி, கிளிப்பின் இரண்டு முனையிலும் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷில் வினிகரைத் தொட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, புது பேட்டரி போட்டோம். அன்று இரவு ஆராதனைக்கு அந்த பேஸில்தான் வாசித்தான். விற்கிற எண்ணத்தையும் விட்டுவிட்டான்.

பேட்டரி முழுதாகச் சாவதற்கு முன்னால் சத்தம் சின்னதாகி, அழுத்தி வாசித்தால் உடைந்து வரும். ஆகவே "பிக்கப் வீக்காயிடுச்சு" என்று யாராவது சொன்னால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தமும், காயில் என்கிற, அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். அது அவ்வளவு சீக்கிரம் வீக்காகாது.

பேட்டரியும் கேபிளும் சரி, அப்போதும் சத்தம் இல்லை என்றால் ஜாக், அதாவது பேஸில் கேபிளைச் செருகுகிற ஓட்டை.

கேபிளை அசைத்தால் கரகரவென்று வெட்டி வெட்டி வருகிறது

ஜாக்கின் நட் தளர்ந்திருக்கும். நட்டை மட்டும் பிடித்து இறுக்காதீர்கள். ஜாக் மொத்தமும் உள்ளே சுற்றும், அதில் பற்றவைத்த ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். தகட்டையோ பின்மூடியையோ கழற்றி, உள்ளே ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே இறுக்குங்கள். அறுந்தே இருந்தாலும் இரண்டு ஒயரைச் சால்டர் வைக்கிற வேலைதான். ஜாக்கையே மாற்றினாலும் பெரிய செலவில்லை. இதற்காக ஒரு நல்ல பேஸை விட்டுவிடக் கூடாது.

வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்றால் உள்ளே தூசி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டால் ஸ்ப்ரே தருவார்கள். கன்ட்ரோலின் வாயில் ஒரு சொட்டு போகிற மாதிரி அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை திருப்புங்கள். கதவுக் கீலுக்குப் போடுகிற எண்ணெயை அடிக்காதீர்கள். பிசுக்கு தங்கி இன்னும் தூசியைப் பிடிக்கும். கிளீனருக்கும் அடங்கவில்லை என்றால் கன்ட்ரோலை மாற்ற வேண்டும். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள பாஸிவ் பேஸ்களில் பெரும்பாலும் 250 கிலோ ஓம் இருக்கும். பழையதன் முதுகில் அச்சிட்டிருக்கும் மதிப்பைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

உர்ர்ர் என்று இரைகிறது

முதலில் இரைவது பேஸா ஆம்பா என்று பிரியுங்கள். பேஸின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். இரைச்சல் நின்றால் பேஸ். நிற்காவிட்டால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் ஆம்ப். அதைப் பின்னால் பார்ப்போம்.

பேஸ்தான் என்றால் கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது, உள்ளறையில் ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை என்று அர்த்தம். விலை குறைந்த பேஸ்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். உள்ளறை முழுக்கச் செம்பு டேப் ஒட்டி, அதைக் கன்ட்ரோலின் உடம்போடு இணைத்துவிட்டால் பெருமளவு அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தொட்டும் மாற்றமே இல்லை என்றால், கம்பிகளின் அடி முனையைத் தாங்கும் உலோகத் தகடான பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கும். பிரிட்ஜின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ஒயர் முனை தெரியும். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, தகட்டுக்கு அடியில் அழுந்துகிற மாதிரி வைத்து மூடினால் போதும்.

இங்கே கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் ஏமாற மாட்டோம். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒற்றைக் காயில் பிக்கப் இருந்தது. 1957இல் அதை இரண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றின் இரைச்சலை இன்னொன்று கழிக்கிற மாதிரி மாற்றினார்கள். இன்று பிரிசிஷன் வடிவத்தில் வரும் பேஸ்களில் படிக்கட்டு மாதிரி முன்னும் பின்னும் நிற்கும் பிக்கப் அதுதான். அது இரைந்தால் ஏதோ கோளாறு. 1960இல் வந்த ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு தனித்தனி ஒற்றைக் காயில்கள் இருக்கும். இரண்டையும் முழு வால்யூமில் வைத்தால் அடங்கும், ஒன்றை மட்டும் திறந்தால் இரையும். அது அந்த வகையின் இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்து வாங்காமல் வந்துவிட வேண்டாம். இரண்டையும் திறந்து ஒருமுறை கேளுங்கள்.

இரண்டு பிக்கப்பையும் திறந்தால் சத்தம் மெலிந்துவிடுகிறது

தனித்தனியே கனமாக இருக்கும், சேர்த்தால் அடி சத்தமே போய்த் தகரம் மாதிரி ஒலிக்கும். யாரோ பிக்கப்பைக் கழற்றி மாட்டும்போது ஒன்றின் இரண்டு ஒயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மறுபடி மாற்றி வைத்தால் தீர்ந்தது. விற்கிறவர் இதைப் பெரிய கோளாறாக நினைத்து விலையைக் குறைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அவரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அவர் அதே விலைக்குத்தான் தந்தார்.

கம்பியைத் தொட்டால் கை சுள்ளென்கிறது

இதை மட்டும் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உடனே கையை எடுத்து, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். நம் ஊரில் மின்சாரம் 230 வோல்ட். ஆம்பின் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கிற பெரிய பின்தான் எர்த். உங்களுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே நிற்பது அது ஒன்றுதான். "ஹம் வருது" என்று அந்தப் பின்னை வெட்டிவிட்ட ஆம்புகளை நான் கையில் பிடித்திருக்கிறேன். இரண்டு பின் அடாப்டரில் மாட்டியதையும் பார்த்திருக்கிறேன். பழைய கல்யாண மண்டபங்களில் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. அங்கே பேஸைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தால் ஷாக் அடிக்கும்.

வேறு பாயின்ட்டில், வேறு வீட்டில் மாட்டிப் பார்த்தும் சுள்ளென்றால் ஆம்புக்குள் கசிவு. எலக்ட்ரீஷியனோ ஆம்ப் சர்வீஸ் செய்கிறவரோ பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதைத் தொட வேண்டாம். என்ன விலைக்குத் தந்தாலும் அன்றைக்கு வாங்காதீர்கள்.

கம்பி ஃப்ரெட்டில் உரசி ஸ்ர்ர் என்கிறது

பேஸ் வாங்குவதில் இதுதான் முக்கியமான பகுதி. நெக்கின், அதாவது ஃப்ரெட் என்கிற குறுக்கு உலோகப் பட்டைகள் பதித்த நீளமான கழுத்தின், உடல்நிலை இதில்தான் தெரியும். நெக் கெட்டால் பேஸ் கெட்டது. மற்றதெல்லாம் மாற்றக்கூடிய உதிரி.

ஒரு விஷயம் முதலிலேயே. உரசல் ஆம்பு வழியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். காதை பேஸ் மேல் வைத்தால் எல்லா பேஸும் கொஞ்சம் உரசும். ஸ்பீக்கரில் கேட்காத உரசலுக்கு விலை பேச வேண்டியதில்லை.

ஸ்பீக்கரில் கேட்டால், எந்த இடத்தில் என்று தேடுங்கள். சுருதியைச் சரியாக ஈ, ஏ, டி, ஜி என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக வாசியுங்கள். நாலு கம்பி, இருபது ஃப்ரெட், எண்பது நோட். ஐந்து நிமிடம்தான் ஆகும், யாரும் செய்வதில்லை.

எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் உரசினால், கம்பிகள் உட்காருகிற அந்தச் சின்னக் கட்டையில், நட் என்பார்களே அதில், பள்ளம் ஆழமாகிவிட்டது. நட்டை மாற்ற வேண்டும், கைத்தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெரிய செலவில்லை, ஆனாலும் விலையில் கழித்துக்கொள்ளலாம்.

1 முதல் 5 வரையுள்ள ஃப்ரெட்டுகளில் உரசினால் நெக் மிக நேராக, அல்லது பின்னோக்கி வளைந்திருக்கிறது. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். அப்போது கம்பியே நேர்க்கோடு. நடுவில் 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், சுமார் 0.3 மி.மீ. பக்கத்தில் நிற்பவரை விசிட்டிங் கார்டை நுழைக்கச் சொல்லுங்கள். கார்டு லேசாக உரசிக்கொண்டு போனால் அருமை. இடைவெளியே இல்லை என்றால் ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். கார்டு ஆடிக்கொண்டு போனால் நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது, இறுக்க வேண்டும். அப்படி வளைந்த பேஸில் நடு ஃப்ரெட்டுகளில் கம்பி உயரமாகி விரல் வலிக்கும்.

ட்ரஸ் ராட் என்பது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி. அந்த ராடின் முனையில் இருக்கும் திருகு நட்டை (கம்பிகள் உட்காரும் நட் இல்லை) உங்கள் பக்கம் பார்த்து வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் தளரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகி, சுருதி வைத்து, மறுபடி கார்டைப் போட்டுப் பாருங்கள். வாங்கும் இடத்தில் விற்கிறவரிடம் அனுமதி கேட்டு, அந்த நட் இரண்டு பக்கமும் அசைகிறதா என்று மட்டுமாவது சோதிக்க வேண்டும்.

இதை நான் வற்புறுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் முதல் பேஸை ஒரு கடையில் வாங்கும்போது கம்பி உயரமாக இருந்தது. "ராடைத் திருகினா சரியாயிடும் சார்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து ஆலன் கீயைப் போட்டேன். நட் ஏற்கெனவே கோடிவரை இறுகியிருந்தது. அதற்கு மேல் போக மரை இல்லை. யாரோ எனக்கு முன்னால் திருகித் திருகி முடித்திருந்தார்கள். நெக்கும் அதற்கு மேல் நேராகவில்லை. ஆறு மாதம் சேர்த்த பணம். அந்த பேஸில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் என்னால் வாசிக்கவே முடிந்ததில்லை. ராட் அசையவில்லை, நட்டின் ஓட்டை வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, கோடிவரை இறுகியிருக்கிறது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வந்துவிடுங்கள்.

12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் மட்டும் உரசினால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் தாழ்ந்திருக்கும், ஆலன் கீயால் ஏற்றினால் சரி. 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் ஃப்ரெட்டின் உச்சிக்கும் 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் வசதியாக வாசிக்கலாம். கடற்கரை ஊர்களில் வாங்கும்போது சேடில் ஸ்க்ரூக்கள் உண்மையிலேயே திரும்புகின்றனவா என்று பாருங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகி, கீயின் முனை வழுக்கும். பிரிட்ஜையே மாற்றலாம், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது அழுத்தும் ஃப்ரெட் குழிந்து தேய்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் சரிசெய்யலாம். பத்து இடத்தில் என்றால் மொத்த ஃப்ரெட்டையும் மட்டப்படுத்த வேண்டும்; விலை குறைந்த பேஸில் அந்தக் கூலி பேஸின் விலையையே தொட்டுவிடும்.

கடைசியாக, பேஸின் அடிப்பகுதியைக் கண்ணருகே வைத்து நெக்கின் நீளவாக்கில், துப்பாக்கி குறி பார்ப்பது போலப் பாருங்கள். ஈ பக்க விளிம்பும் ஜி பக்க விளிம்பும் இணையாக ஓட வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி ஒரு பக்கம் முறுக்கியிருந்தால் அதற்கு மருந்து கிடையாது.

ஒரு நோட் மட்டும் பொசுக்கென்று அடங்கிவிடுகிறது

ஜி கம்பியில் 5 முதல் 7ஆம் ஃப்ரெட் பக்கம் ஒரு நோட் மட்டும் நிற்காமல் செத்துவிடும். ஸ்க்ரூ வைத்து நெக்கைப் பூட்டும் பேஸ்களில் விலை உயர்ந்தவற்றிலும் இது உண்டு. நெக்கின் சொந்த அதிர்வு அந்த நோட்டின் சக்தியை விழுங்கிவிடுகிறது. தலைப்பகுதியில் ஒரு சின்னக் கிளாம்ப்பை மாட்டிப் பாருங்கள், அந்த இடம் நகரும். இதற்காக ஒரு பேஸை ஒதுக்க மாட்டேன். அதே சுருதியை டி கம்பியில் ஐந்து ஃப்ரெட் மேலே வாசித்துக்கொள்ளலாம்.

சுருதி நிற்கவில்லை

எல்லோரும் பிருடையைத்தான், தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் அந்தத் திருகைத்தான், குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு கம்பியைச் சுற்றிய விதத்தில். ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தாலும் நழுவும், ஏழு சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தாலும் நழுவும். இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழே வரிசையாக இறங்க வேண்டும். பிருடையைத் தாண்டிச் சுமார் 10 செ.மீ. விட்டு, முதலில் கம்பியை மடித்து, அப்புறம் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேலே சுற்றியிருக்கும் உலோக இழை உள் கம்பியிலிருந்து தளர்ந்து, புதுக் கம்பியே செத்த கம்பி மாதிரி ஒலிக்கும். புதுக் கம்பி போட்டதும் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல இழுத்து இழுத்துச் சுருதி வையுங்கள். பிருடை ஆடினால் அதன் ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள். அதற்கும் கேட்காவிட்டால்தான் பிருடை.

மேலே போகப் போக சுருதி விலகுகிறது

12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும் நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். செத்த கம்பியை வைத்து இதைச் செய்வது வீண்.

பெயர் தெரியாத பேஸ் என்றால் இஞ்ச் டேப்பை எடுங்கள். வழக்கமான பேஸின் அளவு 34 அங்குலம். நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டுக்குச் சரியாக 17 அங்குலம், அங்கிருந்து ஜி கம்பியின் சேடிலுக்கு அதே 17 அல்லது ஒரு நூல் கூட. பிரிட்ஜை ஓட்டை போட்டுப் பூட்டும்போதே தப்பாகப் பூட்டிய பேஸ்களை இப்படிப் பிடித்திருக்கிறேன். சேடில் கோடிவரை போயும் சுருதி சேரவில்லை என்றால் அந்த பேஸ் வேண்டாம்.

சத்தம் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல

பழைய கம்பி. ஆனால் கம்பி சொரசொரப்பா வழவழப்பா என்று தடவிப் பாருங்கள். வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பியின் குணமே அந்த மந்தம்தான். 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் ஸ்டுடியோவில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழியக் கம்பியை மாற்ற மாட்டார் என்று பெயர் எடுத்தவர். அந்தச் சத்தம் பிடித்தால் அப்படியே விடுங்கள். சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பி மந்தமாக இருந்தால், அழுக்கு ஏறியிருக்கிறது. கழற்றி, பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் சில வாரங்களுக்கு உயிர் வரும். புது செட்டின் விலையை எப்படியும் பேரத்தில் சேர்த்துவிடுங்கள், பேஸ் கம்பி கிட்டார் கம்பி மாதிரி மலிவில்லை.

இனி ஆம்ப்: எதையும் செருகாமலே இரைகிறது

எல்லா கன்ட்ரோலையும் பூஜ்யத்தில் வைத்தும் அடியில் கனமான உர்ர்ர் இருந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். நம் ஊர் வெயிலில் பழைய ஆம்புகளுக்கு வழக்கமாக வருவதுதான். மாற்றிவிடலாம், ஆனால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு வைத்த ட்யூப் ஆம்பில் அது 400 வோல்ட்டுக்கு மேலேகூட இருக்கும். சர்வீஸ்காரரின் கூலியைக் கேட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் காணாமல் போய் மறுபடி வருகிறது

ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டை இருந்தால், ஒரு குட்டிக் கேபிளால் இரண்டையும் இணையுங்கள். சத்தம் நிலையாகிவிட்டால் ரிட்டர்ன் ஜாக்கின் உள் ஸ்விட்ச்சில் அழுக்கு. யாரும் பயன்படுத்தாத ஓட்டையாக இருந்தாலும் சிக்னல் அதன் வழியாகத்தான் போகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்து தடவை செருகி எடுத்தால் போதும். கெட்டுப்போன ஆம்ப் என்று சர்ச் ஸ்டோர் ரூமில் கிடந்த ஒன்றை இப்படி மீட்டிருக்கிறோம்.

இருபது நிமிடம் கழித்துச் சூடாகி நின்று, ஆறினதும் வந்தால் விசிறி தூசியில் அடைத்திருக்கலாம். இல்லையென்றால் அது தாங்குவதைவிடக் குறைந்த ஓமில் ஸ்பீக்கர் மாட்டியிருப்பார்கள். 8 ஓம் கேபினெட் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டைச் சேர்த்தால் 2. பின்னால் "மினிமம் 4 ஓம்" என்று எழுதியிருந்தால் இரண்டாவது கூட்டு அதைக் கொன்றுவிடும். ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யவே கூடாது. ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளும் போடாதீர்கள், ஸ்பீக்கர் கேபிள்தான்.

ஃப்யூஸ் போகிறது

அதே அளவு, அதே வகை ஃப்யூஸ் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மறுபடி போனால் உள்ளே கோளாறு. பெரிய ஃப்யூஸ் போட்டிருக்கிறார்களா, வெள்ளித்தாள் சுற்றியிருக்கிறார்களா என்று கழற்றிப் பாருங்கள். சுற்றியிருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆன் செய்யும் முன்பே பின்பக்கத் தகட்டில் வோல்ட்டைப் படிப்பதும் அவசியம். அமெரிக்காவிலிருந்து வந்தது 120, ஜப்பானிலிருந்து வந்தது 100 என்று போட்டிருக்கும். அதை நம் பாயின்ட்டில் நேராக மாட்டினால் அத்துடன் முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். அதன் விலையையும் எடையையும் கணக்கில் சேருங்கள்.

ஈ கம்பியைத் தட்டினால் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி

மற்ற கம்பிகளில் சரி, ஈயில் மட்டும் சடசட. முதலில் கைப்பிடி, முன் வலை, பின் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் கையால் அழுத்தியபடி ஈயைத் தட்டுங்கள். அழுத்தும்போது நின்றால் ஸ்க்ரூடிரைவர் வேலை. நிற்காவிட்டால் ஆம்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கோனின் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். மணல் தேய்கிற மாதிரி கேட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் சுருள் உரசுகிறது. மைக் செட்காரர்களிடம் கேட்டால் கோன் மாற்றித் தருகிறவரைக் காட்டுவார்கள். அந்தக் கூலி உங்கள் பேரம். ஸ்பீக்கர் பேசவே இல்லை என்றால் ஒயரைக் கழற்றி, 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் துள்ளினால் ஸ்பீக்கர் நல்லது, கோளாறு ஆம்பில்.

வீட்டில் பிரமாதம், ட்ரம்ஸ் வந்ததும் பேஸ் காணோம்

இது பெரும்பாலும் கோளாறில்லை. ஈ கம்பியின் அடி அதிர்வு 41 ஹெர்ட்ஸ். 8 அங்குல ஸ்பீக்கரால் அதைத் தள்ள முடியாது. நாம் கேட்பது அதன் மேல் ஒலிகளைத்தான். 15, 20 வாட் ஆம்ப் வீட்டுக்குச் சரி. ட்ரம்ஸ் கூட வாசிக்க 100 வாட்டாவது வேண்டும், 200, 300 இருந்தால் நிம்மதி. வாட்டை இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும், ஆகவே 20 வாட்டிலிருந்து 40க்குத் தாவுவது பணத்துக்குக் கேடு.

கையில் சின்ன ஆம்ப்தான் இருக்கிறது என்றால் ஆம்பில் 'பேஸ்' என்று போட்டிருக்கும் கன்ட்ரோலைக் குறையுங்கள். எல்லோரும் அதைத்தான் ஏற்றுவார்கள், ஏற்றினால் ஆம்பின் சக்தி முழுக்க யாருக்கும் கேட்காத அடியில் போய்விடும். நடு ஒலிக்கான 'மிட்' கன்ட்ரோலை ஏற்றுங்கள். ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்து உங்கள் காதைப் பார்க்கச் சாய்த்துவிடுங்கள். லைன் அவுட் இருந்தால் அங்கிருந்து ஒரு கேபிளை மிக்சருக்குக் கொடுத்து, கூட்டத்துக்கான சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளட்டும்; நாற்காலியில் இருப்பது உங்களுக்கும் ட்ரம்மருக்கும் கேட்டால் போதும்.